அத்தியாயம் 4: கைக்கு வந்த காசு யாருடையது?

தென்பெண்ணையில் வெள்ளம் வடிந்து மணல்திட்டு வெளியே தெரியத் தொடங்கினால் போதும், திருக்கோவிலூர்க் கரையில் குனிந்த தலையோடு நடக்கும் ஒருவரையாவது பார்த்துவிடலாம். காசு தேடுகிறவர் அவர். அப்படி ஒருவர் ஒருநாள் வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்த ஆறு காசுகளை வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

“சார், இதுல அபூர்வமானது ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“எங்க கெடச்சுது?”

“ஆத்துலதான் சார்.”

“ஆத்துல எந்த எடம்?”

யோசித்தார். “நாலு எடத்துல பொறுக்குனது. எது எங்கன்னு இப்ப எப்படிங்க சொல்றது?”

அவர் கேட்ட அபூர்வத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. காசு அபூர்வமாவது இரண்டு வகையில். அந்த வகைக் காசே குறைவாக இருக்கலாம். அல்லது வேறிடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற காசு, யாரும் எதிர்பாராத ஊரில் ஒன்றே ஒன்று கிடைக்கலாம். இரண்டாவது வகையில் காசின் மதிப்பே இடத்தில்தான் இருக்கிறது. இடம் மறந்துபோனால் மிஞ்சுவது கால் தோலா செம்பு.

முதலில் நோட்டு

ஆகவே பூதக்கண்ணாடி வாங்குவதற்கு முன் பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். கிடைத்த தேதி, ஊர், சர்வே எண் தெரிந்தால் அது, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது (பானை ஓடு, செங்கல், எலும்பு) எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு நோட்டிலுள்ள எண்ணை உறையிலும் எழுதுங்கள்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். “இந்த மண் இங்கேயே இருந்த மண்ணா?” சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் மரவள்ளிக்கும் கரும்புக்கும் ஏரி வண்டலை அள்ளிவந்து கொட்டாத நிலம் குறைவு. வயலில் கிடைத்த காசு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஏரியிலிருந்து டிராக்டரில் வந்ததாக இருக்கும். ஆற்றுக்காசும் அப்படித்தான். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கோமுகியும் மணிமுக்தாவும் மழைக்காலத்தில் கல்லையே உருட்டுகின்றன, காசு எம்மாத்திரம்? “ஆற்றில்” என்று எழுதுவதைவிட “தரைப்பாலத்துக்குக் கீழே, வடகரை, மணலின் மேல்பரப்பு” என்று எழுதுங்கள்.

மலைமேல் கதை வேறு. வெள்ளிமலைப் பக்கத்து வீடுகளில் பழங்காசு மண்ணிலிருந்து வந்ததாக இல்லாமல், குழந்தையின் அரைஞாணிலோ பாட்டியின் கழுத்துச் சரடிலோ துளையிட்டுக் கோத்ததாகவும் இருக்கலாம். துளை விழுந்த காசு விலை போகாது என்று வியாபாரி சொல்வார். அவர் கணக்கில் அது சரி. ஆனால் அந்தத் துளை, அது யார் கழுத்தில் எத்தனை தலைமுறை கிடந்தது என்பதற்கான சாட்சி. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழுவலாம், தேய்க்கக் கூடாது

பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் இரண்டு வரித் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பளிச்சென்று ஆக்கிப் படிக்கலாம் என்று புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் தேய்த்தேன். காசு பளபளவென்று ஆனது, எழுத்தில் “சு” மட்டும் மிஞ்சியது. சுந்தரபாண்டியன் காசு என்று பின்னால் ஊகித்துக்கொண்டேன். ஊகம்தான், இனி நிரூபிக்க வழியில்லை.

செம்பு பல நூறு ஆண்டு மண்ணில் கிடந்தால் மேலே கரும்பச்சையாக, கெட்டியாக ஒரு களிம்பு படியும். எழுத்து பல சமயம் அந்தக் களிம்பில்தான் நிற்கிறது, அடியிலுள்ள செம்பில் இல்லை. புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எல்லாம் முதலில் தின்பது அதைத்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்து, இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பினால் போதும். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருவது மட்டும் நோய். அந்தக் காசைத் தனியே பிரித்து, ஈரம் படாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பார்ப்பதற்கு வெயிலைவிட இருட்டறை நல்லது. டார்ச்சைக் காசுக்கு மேலே பிடிக்காமல், மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த காசில் ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று ஒரு தலை எழும். அந்த நொடியில் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். மறுபடி அந்தக் கோணம் கிடைக்க அரைமணி ஆகும்.

எடையை நகைக்கடைத் தராசில் போட்டு, பத்து மில்லிகிராம் வரை குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. வேலியோரத்துக் குன்றிமணியால்தான் பொன்னை நிறுத்தார்கள். பருப்பளவே இருக்கிற தங்கப் பணம் ஒன்று கைக்கு வந்தால் அது மூன்று குன்றிமணி எடைக்குப் பக்கத்தில் நிற்கும்.

நிற்கிற மனிதன்

முடிச்சில் இருந்த ஆறில் இரண்டு காசுகளை அவர் “தேள்” என்றும் “திரிசூலம்” என்றும் சொன்னார். இரண்டும் ஒரே வகைதான், ராஜராஜன் காசு. முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்தில் ஏராளமாக அடிக்கப்பட்ட இந்தச் செப்புக்காசுதான் தமிழ்நாட்டு இடைக்காலக் காசுகளில் உங்கள் கைக்கு வர அதிக வாய்ப்புள்ளது. ஆகவே இதை நன்றாகப் பழகிவிடுங்கள். மற்றவற்றை இதோடு ஒப்பிட்டே அறியலாம்.

அளவு சுமார் இரண்டு சென்டிமீட்டர், எடை மூன்று முதல் நான்கு கிராம், கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார், கையில் பூ. இடுப்பிலிருந்து இருபுறமும் இறங்குகிற கோடுகள் வேட்டியின் மடிப்பு. தேளின் கால் என்று பார்த்தவர்கள் பார்த்தது அதைத்தான். பக்கத்தில் குமிழ்களும் பிறையும். மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் கைக்கு அந்தப் பக்கம் மூன்று வரியில் நாகரி எழுத்து. நாகரி படிக்கத் தெரியாது என்று கவலை வேண்டாம். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒன்றுபோலவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் மேலே உள்ளது “ஸ்ரீ”, கீழே “ராஜ”, அதற்கும் கீழே மறுபடி “ராஜ”.

கடைசி இரு வரிகள் வேறுவேறாக இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். இதே நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் இலங்கையிலும் ஓடினார்கள். பராக்கிரமபாகு, விஜயபாகு, சாகசமல்லன், புவனேகபாகு என்று ஒவ்வொருவரும் அதே உருவத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி அடித்தார்கள். மூன்று முறை அரியணை ஏறி இறங்கிய லீலாவதி அரசியின் பெயரிலும் காசு உண்டு. உருவம் பெண்ணாக மாறவில்லை, எழுத்துதான் மாறியது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) படை பாண்டிய நாடு வரை வந்தது. அவன் காசு தெற்கே கிடைத்தால் பெரிய வியப்பில்லை. நம் தென்பெண்ணைக் கரையில் கிடைத்தால் அது வேறு சேதி.

கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. இப்போது ‘எரர் காயின்’ என்று ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. அச்சு விலகிய ஐந்து ரூபாய்க்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அதே கண்ணோடு ராஜராஜன் காசைப் பார்த்து, “பாதி மனிதன்தான் இருக்கிறான், இது தப்பு அச்சு, ஒரு லட்சம்” என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தியலால் அடித்த காசில் அச்சு நடுவே விழுவதுதான் அதிர்ஷ்டம். தலை வெளியே போவது, இரண்டு முறை அடிபட்டு நிழல் விழுவது, ஓரம் பிளந்திருப்பது எல்லாம் அந்தக் காலத்து அன்றாடம். அதற்கு அபூர்வ விலை கொடுக்காதீர்கள்.

சோழரின் பொற்காசும் வெள்ளிக்காசும் இன்னொரு முகம் காட்டும். உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில், மேலே குடை. மூன்று வேந்தரின் சின்னமும் ஒரே காசில். ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தமசோழன் பெயர் பொறித்த காசும் இந்த வகைதான். ஆற்றங்கரையில் உங்களுக்கு இது கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன்.

மீனும் எழுத்தும்

மூன்றாவது காசில் மீன் இருந்தது. மீன் என்றால் பாண்டியர், அதுவரை எளிது. இரண்டு மீன்கள் செங்குத்தாக நிற்க நடுவே செண்டு இருந்தால் பிற்காலப் பாண்டியர் என்று கிட்டத்தட்ட உறுதி செய்யலாம். மறுபக்கத்தில் தமிழ் எழுத்து இருக்கும். நமக்குத் தெரிந்த எழுத்துதான், ஆனாலும் மூன்று தடைகள். புள்ளி வைக்கமாட்டார்கள், ஆகவே “சுந்தர பாண்டியன்” என்பது “சுநதர பாணடியன” என்று நிற்கும். சொல் எங்கே முடிகிறதோ அங்கே வரி முடியாது, இடம் தீர்ந்த இடத்தில் முடியும். தகடு சிறிது, அச்சு பெரிது, ஆகவே ஓர எழுத்துகள் காசுக்கு வெளியே போயிருக்கும்.

இதனால் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வதைவிட, என்னென்ன பெயர்கள் வரக்கூடும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு பொருத்திப் பார்ப்பது வேகமான வழி. சுந்தரபாண்டியன், எல்லாந்தலையானான், சோணாடு கொண்டான், கச்சி வழங்கும் பெருமாள், கோதண்டராமன், புவனேகவீரன், சமரகோலாகலன். நடுவில் “தலையா” என்று மூன்று எழுத்து தெரிந்தாலே எல்லாந்தலையானானைப் பிடித்துவிடலாம். பெயரைவிடப் பட்டமே இங்கு அதிகம். வென்ற நாட்டைக் காசில் எழுதி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள்.

1251-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் வடக்கே வந்தபோது காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனின் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் அதே சேந்தமங்கலம்தான். பாண்டியர் காசு நம் பக்கம் கிடைப்பதற்குப் படை நடந்ததும் ஒரு காரணம், வணிகம் நடந்ததும் ஒரு காரணம். ஒரு காசை வைத்து எது என்று சொல்ல முடியாது. ஐம்பது காசுகளின் இடம் குறித்து வைத்திருந்தால் ஒருவேளை சொல்லலாம்.

யாரும் சீந்தாத காசு

நான்காவது காசை அவர் கிட்டத்தட்ட என்னிடமே விட்டுப்போகப் பார்த்தார். சிறியது, தடித்தது, படம் ஏதும் இல்லை. “இது திப்பு காசு சார், நெறைய கெடக்கும்.” திப்புவின் செப்புக்காசில் யானை நிற்கும். இதில் யானை இல்லை, இரண்டு பக்கமும் அரபு எழுத்து மட்டுமே. மதுரைச் சுல்தான்களின் காசு அது.

1335 முதல் 1378 வரை நாற்பது ஆண்டு சொச்சம் மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். தில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா தனியரசு அறிவித்துத் தன் பெயரில் காசு அடித்ததில் தொடங்கியது. கியாசுத்தீன் ஆண்டபோது இப்னு பதூதா இங்கே வந்துபோனார். பக்கத்துத் திருவண்ணாமலையில் தங்கி இவர்களோடு போரிட்ட ஹொய்சளன் மூன்றாம் வல்லாளன் இவர்கள் கையில்தான் இறந்தான். அதனால் நம் மாவட்டத்தில் கிடைக்கிற ஒவ்வொரு மதுரைச் சுல்தான் காசும், இடம் தெரிந்தால், பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிப்போகிற காலத்துக்குச் சான்று.

அரபு தெரியாதவர்கள் இதைப் பிடிப்பது எப்படி? நீளமான செங்குத்துக் கோடுகள் மேல்நோக்கி நிற்கும்படி காசைத் திருப்புங்கள், அதுதான் நேர்நிலை. எண் இருக்கிறதா பாருங்கள். அரபு எண்ணில் ஏழு என்பது ஆங்கில ‘வி’ போல இருக்கும். மதுரைச் சுல்தான்களின் ஹிஜ்ரி ஆண்டுகள் எல்லாமே ஏழில்தான் தொடங்கும், ஆகவே மூன்று இலக்கத்தில் முதலாவது ‘வி’ என்றால் பாதி வேலை முடிந்தது. ஆண்டை மாற்ற, அதை 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 737 என்றால் 715 வரும், கூட்டினால் 1337. ஓராண்டு முன்பின் ஆகலாம்.

எழுத்தின் சாயலை வைத்தே எந்தக் குடும்பம் என்று சொல்ல இன்னொரு பழக்கமும் உதவும். தலையில் படுக்கைக் கோடு போட்டுத் தொங்குவது நாகரி. முட்டை முட்டையாக உருண்டிருப்பது கன்னடம் அல்லது தெலுங்கு, பெரும்பாலும் விஜயநகரம் என்று பொருள். யானையோ காளையோ கூட இருந்தால் தேவராயர் பக்கம் தேடுங்கள். லக்கண்ண தண்டநாயகன் போன்ற அதிகாரிகள்கூட யானைக் காசில் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

ஊர் மாறியவை, காலம் மாறியவை

ஐந்தாவது காசு டச்சுக் கம்பெனியுடையது. மூன்று எழுத்தைப் பின்னிய முத்திரை, கீழே ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஆண்டு. நாம் “துட்டு” என்று சொல்கிற சொல்லே இந்தக் காசின் டச்சுப் பெயரிலிருந்து வந்ததுதான். இடைக்காலம் இல்லை, விலையும் இல்லை, ஆனால் கையில் வருகிற பத்தில் ஒன்றிரண்டு இதுவாகவோ ஆற்காட்டுப் பைசாவாகவோ இருக்கும்.

மறுபக்கம், மிகப் பழையதை இடைக்காலம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. சதுரம்போல் தடித்த சிறு காசில் குதிரை தெரிந்தால் அது சங்ககால மலையமான் காசாக இருக்கக்கூடும். திருக்கோவிலூரை ஆண்டவர்கள் அவர்கள். பின்னாளில் அந்தக் குடியில் பிறந்த வானவன்மாதேவிதான் ராஜராஜனின் தாய். இந்தக் காசுகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. உங்கள் முடிச்சில் குதிரை வந்தால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு அருங்காட்சியகத்துக்குப் பேருந்து பிடியுங்கள்.

நடுவே சதுரத் துளையுள்ள சீனக்காசும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பகுதியில் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. 1077-இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் போய், 81,800 சரம் செப்புக்காசோடு திரும்பியதாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. யாழ்ப்பாண அரசர்களின் “சேது” என்று எழுதிய காளைக் காசும் ராமநாதபுரத்தில் வியப்பில்லை. இவற்றில் ஒன்று கல்வராயன் அடிவாரத்தில் கிடைத்தால், அதுதான் நான் முதலில் சொன்ன இரண்டாம் வகை அபூர்வம்.

போலியும் புரட்டும்

வார்த்து எடுத்த போலியை ஓரத்தில் பிடிக்கலாம். சுற்றி மெல்லிய தையல் கோடு, அரம் போட்ட தடம், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்புக்கட்டி போல் மழுங்கிய விளிம்புகள். ஒரே கீறலோடு இரண்டு காசு ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டுமே போலி.

“ரைஸ் புல்லிங்” காசு பற்றி இரண்டே வரி. செம்பு அரிசியை இழுக்காது, காந்தமும் செம்பை இழுக்காது. இழுத்தால் உள்ளே இரும்பு இருக்கிறது, அரிசியிலும் ஏதோ தடவியிருக்கிறார்கள். ராமர் பட்டாபிஷேகமும் 1818-உம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாவும் இதே ரகம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2019-க்கு முன் விழுப்புரம் போக வேண்டியிருந்தது, இப்போது கள்ளக்குறிச்சியிலேயே ஆட்சியர் இருக்கிறார். வீட்டுக்கு வானம் தோண்டும்போது கலயம் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, கலயத்தைக் கவிழ்க்காமல், கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது பாதி வதந்தி. உரிமையாளர் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. வெளிநாட்டிலிருக்கிற மைத்துனருக்குப் பார்சல் அனுப்பினால் குற்றம்.

ஆறாவது காசு

ஆறாவதை மூன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். என் நோட்டில் அதற்கான பக்கம் இப்படி இருக்கிறது, நீங்களும் இந்த வடிவத்தையே பின்பற்றலாம்:

எண் 6. செம்பு. எடை 2.14 கிராம். விட்டம் 15 மி.மீ. ஒரு பக்கம்: நின்றபடி வலப்புறம் நோக்கும் விலங்கு, கால் நான்கு, வால் மேலே, காளையாகவோ குதிரையாகவோ இருக்கலாம். மறுபக்கம்: இரண்டு வரி எழுத்து, முதல் வரியில் ஓர் உருண்டை எழுத்து மட்டும் தெளிவு. கழுவியது: தண்ணீர் மட்டும். கிடைத்த இடம்: தென்பெண்ணை, திருக்கோவிலூர். கரை: (கேட்க வேண்டும்).